படத்தின் பின்னணியில் இருக்கும் ஊர்

ஒளிப்படக் கலை பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டிலிருந்து 18 ஆண்டுகளுக்குள், அதாவது 1857இல், சென்னையில் ஓர் ஒளிப்படச் சங்கம் தோன்றிவிட்டது. இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்கும் பள்ளியை 1850இல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் அச்சங்கத்தை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் என்பது நேயர்களில் பலர் அறிந்திராத செய்தியாக இருக்கலாம். அதே ஆண்டுகளில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், மெழுகூட்டிய பெரிய காகித நெகட்டிவ்களில் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் 1858இல் பதிவு செய்தார். அப்படங்கள் இன்றும் வியக்கத்தக்க தெளிவுடன் இருப்பினும் அவற்றில் மனிதர்கள் மிக அரிதாகவே தென்படுகின்றனர். அக்காலத்து நெகட்டிவ் ஒளியை உள்வாங்க நெடுநேரம் பிடித்தமையால், நடந்து கடந்தவர் எவரும் படத்தில் பதியவில்லை. கோபுரம் கிடைத்தது, கோபுர வாசலில் பூக்கட்டியவர் கிடைக்கவில்லை.

அந்தப் பூக்கட்டியவரையும் அவர் அமர்ந்திருந்த தெருவையும் பதிவு செய்யும் முயற்சியே இவ்வுரையின் பொருள். ஒரு சிற்றூரின், அல்லது பெருநகரின் ஒரு பகுதியின், அன்றாடக் காட்சிகளையும் வரலாற்றுத் தடங்களையும் அங்கேயே வாழ்பவர்கள் தொடர்ந்து படமெடுத்துத் தொகுப்பதை ஊர்ப்பதிவு என்று இங்குக் குறிப்பிடலாம். இங்கிலாந்தில் இது ஓர் இயக்கமாகவே நடந்தது. வார்விக்‌ஷயர் மாவட்டத்தின் தேவாலயங்கள், குடிசைகள், சந்தைகள், திருவிழாக்கள் ஆகியவற்றைப் பொழுதுபோக்காகப் படமெடுப்போரைக் கொண்டே முறையாகப் பதிவு செய்யும் பணி 1890இல் தொடங்கியது; அதன் வழியில் 1897இல் சர் பெஞ்சமின் ஸ்டோன் நாடு தழுவிய ஒளிப்படப் பதிவுச் சங்கம் ஒன்றை நிறுவினார். விட்பி என்ற சிறு துறைமுக ஊரில் ஸ்டுடியோ நடத்திய ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப், வாடிக்கையாளர்களை விட்டு அதிக தூரம் செல்ல இயலாத நிலையிலும், அவ்வூர் மீனவர்களையும் படகுத்துறையையும் விளையாடும் சிறுவர்களையும் பல்லாண்டுகள் படமெடுத்தார். பின்னாளில் அவர் அவ்வூர் அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும் இருந்தார் என்பது ஊர்ப்பதிவு எத்திசையில் செல்லக்கூடியது என்பதைக் காட்டுகிறது.

தென் சென்னைக்கு இது புதிய செய்தியன்று. வரலாற்றாசிரியர் எஸ். முத்தையாவும் நண்பர்களும் 2004இல் தொடங்கிய சென்னை நாள் கொண்டாட்டங்கள் ஆகஸ்ட் 22ஐ ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. மயிலாப்பூரின் மாட வீதிகளில் கேமராவுடன் குழுவாக நடப்பவர்களை அந்நாள்களில் எளிதாகக் காணலாம். எனினும் இங்கே எடுக்கப்படும் படங்களில் பெரும்பகுதி கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் அறுபத்து மூவர் வீதியுலாவையும், தைப்பூசத் தெப்பத்தையும், தேரையும் காட்டுவனவாக உள்ளன. விழா நாளில் ஆயிரம் கேமராக்கள் நோக்கும் அதே தேரடியை, விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நோக்குபவர் மிகச் சிலரே. பிற்காலத்தவர் அதிகம் தேடப்போவது அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான். திருவிழா தன் வடிவத்தை மரபால் காத்துக்கொள்கிறது. வெற்றிலைக் கடையின் அலமாரிக்கும், கோலமாவு வண்டிக்கும், வாசல் திண்ணைக்கும் அத்தகைய காவல் இல்லை.

ஒரு பழைய படம் எதனால் வரலாற்றுச் சான்றாகிறது என்ற வினாவுக்கு, அதன் பின்னணியால் என்பதே பெரும்பாலும் விடை. மயிலாப்பூர்க் குடும்பங்களின் திருமண ஆல்பங்கள் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. திருமணத்திற்கு முந்தைய மாலையில் மாப்பிள்ளையைத் திறந்த காரில் அமர்த்தி, நாதசுர இசையுடன், காஸ் விளக்குகள் சூழ அழைத்துவரும் ஜானவாச ஊர்வலத்தை எடுத்த ஒளிப்படக்காரர், மாப்பிள்ளையின் மாலையையும் முகத்தையும் மட்டுமே கருதியிருப்பார். ஆயினும் அவருடைய ஃபிளாஷ் ஒளி கார் தாண்டிச் சென்று, மூடப்பட்ட கடைக் கதவுகளையும், அவற்றின் மேலிருந்த பெயர்ப்பலகைகளையும், மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களையும் சேர்த்தே பதிவு செய்துவிட்டது. அவ்வீதியின் அந்நாளைய தோற்றத்துக்கு அந்த ஆல்பத்தை விட்டால் வேறு சான்று இல்லாமலும் போகக்கூடும்.

பெயர்ப்பலகைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேதி எழுதப்படாத படம் ஒன்றின் காலத்தைக் கணிக்க அவற்றைவிடச் சிறந்த துணை இல்லை. அஞ்சல் குறியீட்டு எண் இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மயிலாப்பூர்க் கடைகள் முகவரியைச் சென்னை-4 என்று எழுதின. பின்னர் அது 600004 ஆயிற்று. பழைய வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தமையால், ஆறு இலக்கம் உள்ள பலகை 1972க்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாமே ஒழிய, ஒற்றை இலக்கம் உள்ள பலகை அதற்கு முந்தியது என்று அவ்வாறு சொல்ல இயலாது. தமிழ்நாடு என்ற பெயர் அரசுப் பலகைகளில் இடம்பெற்றிருந்தால், மாநிலத்தின் பெயர் மாற்றப்பட்ட 1969 ஜனவரிக்குப் பிந்தைய படம் என்று கொள்ளலாம்.

இவை எல்லாவற்றினும் இனிய சான்று எழுத்து வடிவிலேயே உள்ளது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன், ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் மேலே வளைந்த துதிக்கைக் கொம்புடன் எழுதப்பட்டன. சென்னை என்ற பெயரிலேயே அவற்றுள் ஒன்று இருப்பதால், ஏறத்தாழ ஒவ்வொரு கடைப்பலகையும் தன்னை அறியாமல் தன் காலத்தைக் குறித்து வைத்திருக்கிறது. விலை, வெற்றிலை, கடலை, விற்பனை என்று கடைத்தெருவுக்குரிய சொற்கள் பலவற்றிலும் அவ்வெழுத்துகள் வருகின்றன. கைதேர்ந்த பலகை ஓவியர்கள் அந்தக் கொம்பை ஒரே தூரிகை வீச்சில் வளைத்த அழகு, அச்செழுத்தில் கிடைக்காதது. சீர்திருத்தத்திற்குப் பிறகும் பழைய வடிவத்திலேயே எழுதிய ஓவியர்கள் இருந்தனர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தெருவில் நிற்கும் வாகனத்தின் எண்பலகையில் டி.என். என்ற எழுத்துகளும் அவற்றை அடுத்து இரண்டு இலக்கங்களும் இருந்தால் படம் 1989க்கு முந்தியதாக இருக்க முடியாது. கையெழுத்துப் பலகைகள் மறைந்து, கணினியில் அச்சிட்ட ஃபிளெக்ஸ் பலகைகள் நிறைந்துவிட்ட இந்நாளில், மாட வீதிகளையும் கச்சேரி சாலையையும் ஒட்டிய சந்துகளில் எஞ்சியிருக்கும் தூரிகைப் பலகைகளைத் தனித்தனியே நேர்முகமாகப் படமெடுத்து வைப்பது, தமிழ் எழுத்துக்கலையின் வரலாற்றுக்கே ஒரு தொண்டு.

பலகை இல்லாத படத்திற்கு நிழல் துணை செய்கிறது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் அமைந்திருப்பதால், ஏறத்தாழ ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 18 வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அவ்விரு நாள்களிலும் நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்திற்கு நிழலே விழுவதில்லை. ஆகவே நண்பகல் படமொன்றில் நிழல் தெற்கு நோக்கி விழுந்திருந்தால், அது அந்த நான்கு மாதங்களுக்குள் எடுக்கப்பட்டது. படமெடுப்பவருக்கும் இவ்வறிவு பயன்படும். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் காலை வெயிலை முகத்தில் வாங்குகிறது. குளமோ கோயிலுக்கு மேற்கே உள்ளது. ஆகவே குளக்கரையில் நின்று கோயிலைக் காலையில் நோக்கினால் கோபுரம் கருநிழலாகவும், மாலையில் நோக்கினால் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகவும் தெரியும்.

இந்நிலையில் கைப்பேசிக் கேமராக்களில் பெரிதும் விரும்பப்படும் ஒரு வசதி வருத்தம் தருகிறது. முகத்தை மட்டும் கூர்மையாகக் காட்டி, பின்புறம் முழுவதையும் மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை அது. பூக்காரரின் முகம் அழகாகப் பதிகிறது; அவர் எந்தத் தெருவில், எந்தக் கடையின் முன் அமர்ந்திருந்தார் என்பது அழிந்துபோகிறது. ஊர்ப்பதிவில் ஈடுபடுவோர் அவ்வசதியை நிறுத்திவிட்டு, இரண்டடி பின்வாங்கி, தெருவும் தெரியும்படி எடுப்பதே முறை. எடுப்பதற்கு முன் ஒரு சொல் கேட்பதும், எடுத்த பின் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பதும் மயிலாப்பூர் போன்ற இடத்தில் நற்பண்பு மட்டுமல்ல, அடுத்த வாரமும் அங்கே படமெடுப்பதற்கான வழியும் ஆகும். கட்டடங்களைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், கட்டடக் கலைப் படைப்புகளையும் பொது இடத்தில் நிலையாக அமைந்த சிற்பங்களையும் படமெடுப்பதைக் காப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. வீதிகளுக்கு அத்தடை இல்லை.

பழைய படம் எடுக்கப்பட்ட அதே புள்ளியில் நின்று மீண்டும் எடுப்பதை மறுபடப்பிடிப்பு என்பர். அப்புள்ளியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பழைய படத்தில் அருகிலுள்ள ஒரு பொருளின் விளிம்பும் தொலைவிலுள்ள ஒரு பொருளின் விளிம்பும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அவை அவ்வாறே படிந்து தோன்றும் வரை நகர வேண்டும். அப்போது நிற்பவர் சரியான கோட்டின் மேல் நிற்கிறார். இதே போன்ற மற்றொரு இணையையும் பொருத்திவிட்டால், இரு கோடுகளும் வெட்டும் இடமே பழைய கேமரா நின்ற இடம். மயிலாப்பூரின் லஸ் முனையில் இதைச் செய்து பார்ப்பது இப்போது கடினம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளில் இரு வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையம் அங்கே நிலத்தடியில் உருவாகிவருவதால், தடுப்புத் தகடுகள் பார்வையை மறைக்கின்றன. அத்தகடுகளையும் அவற்றை ஒட்டிச் செல்லும் நடைவழியையும் அழகற்றவை என்று ஒதுக்காமல் இன்றே எடுக்க வேண்டும். அவை அகற்றப்பட்ட பின் அப்படி ஒரு காலம் இருந்ததற்கு வேறு தடயம் இராது.

தியாகராய நகரையும் அடையாற்றையும் பற்றி நேரம் கருதிச் சுருக்கமாகவே சொல்ல இயலும். நீண்ட ஏரி என அழைக்கப்பட்ட பரந்த நீர்நிலையின் ஒரு பகுதி 1920களில் வற்றடிக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயரால் எழுந்த அப்பகுதியில், பனகல் பூங்காவும் உஸ்மான் சாலையும் நாயர் சாலையும் அக்கட்சியின் வரலாற்றையே தெருப்பெயர்களாகத் தாங்கி நிற்கின்றன. மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லை. ஆனால் ஏரிக்காட்சிச் சாலை என்று பொருள்படும் லேக் வியூ சாலை இருக்கிறது, அந்தத் தெருப்பலகை ஒன்றே படமெடுக்கத் தகும். பாண்டி பஜாரின் பழைய தெருவோரத்தை, 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்படுவதற்கு முன் எடுத்தவர்களிடம் இருப்பது இனிக் கிடைக்காத படம். அடையாற்றின் முகத்துவாரத்தில் 1967இல் கட்டப்பட்டு 1977இல் உடைந்த பாலமும், 1989இல் அடிமரம் சாய்ந்த பிரம்மஞான சபையின் ஆலமரமும், எலியட்ஸ் கடற்கரையின் ஷ்மிட் நினைவு மண்டபமும் பலமுறை படமெடுக்கப்பட்டவை. அவற்றைச் சுற்றி மீன் பிடிப்பவரும் நடைப்பயிற்சி செய்பவரும் சுண்டல் விற்பவரும் அவ்வளவாக எடுக்கப்படவில்லை.

படத்தோடு விவரம் சேராவிட்டால் பாதிப் பயன் போய்விடும். கைப்பேசி ஒவ்வொரு படக்கோப்புக்குள்ளும் நாளையும் நேரத்தையும், அனுமதி இருந்தால் இடத்தையும், தானாகவே எழுதி வைக்கிறது. வாட்ஸ்ஆப் வழியே வழக்கமான முறையில் படமாக அனுப்பும்போது அக்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன, படத்தின் நுணுக்கமும் குறைகிறது. ஆதலால் மூலக்கோப்பை வேறிடத்தில் தனியே காத்து, தெருவின் பெயரும் படத்தில் உள்ளவரின் தொழிலும் சேர்த்து எழுதி வைப்பது நல்லது. அச்சுப் படங்களின் பின்புறத்தில் மை பரவிக் கறைபடுத்தும் என்பதால் மென்மையான பென்சிலே ஏற்றது. சென்னையின் ஈரக் காற்றில் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்ட படங்களை இழுத்துப் பிரிக்காமல், உறையோடு சேர்த்தே மறுபடம் எடுத்துவிட வேண்டும். வீட்டில் ஜானவாசப் படங்கள் வைத்திருக்கும் நேயர்கள், இந்த வார இறுதியில் ஆல்பத்தை எடுத்து, மாப்பிள்ளையை விட்டு அவருக்குப் பின்னாலிருக்கும் கடைகளின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒவ்வொன்றாக எழுதி வைப்பார்கள் என்று இவ்வுரை நம்புகிறது.