தறி இரிக்கி, நூல்தான் இல்ல
பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை



நிதி தேடுவது எப்படி, அதற்குக் கருத்திட்ட முன்மொழிவு எழுதுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பிழைவிட்டுத்தான் கற்றேன். அதனால் என் முதல் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

2004 டிசம்பர் 26ஐ இந்த மண்டபத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் ஊர்கள். அதற்குப் பிறகு நிறுவனங்கள் வந்தன, படிவங்கள் வந்தன. நாங்கள் பெயர் எழுதிக் கொடுத்தோம், கையெழுத்து வைத்தோம். வந்தவர்கள் நல்ல மனதோடு தந்தார்கள். ஆனால் எதைத் தருவது என்று பெரும்பாலும் அவர்களே தீர்மானித்தார்கள். நாட்டின் கரையோரங்களில் தேவைக்கு மேலாகச் சிறு படகுகள் சேர்ந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குப் பகிர்வது என்ற வழக்கில் சிக்கி வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த நமக்கு அது பெரிய பாடம்.

சில வருடங்களில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அப்போதுதான் நாங்கள் ஒரு சிறிய மாதர் சங்கமாக, முதல் தடவை நாங்களே எழுதிக் கேட்க உட்கார்ந்தோம். மருதமுனையில் கணவனை இழந்த நெசவுக்காரப் பெண்களுக்கு 20 தறிகள் கேட்டோம். இரண்டே இரவில் எழுதி முடித்தேன். "பெண்களை வலுவூட்டல்", "நிலைபேறான அபிவிருத்தி" என்று வேறு அறிக்கைகளில் கண்ட சொற்களையெல்லாம் அதில் கொட்டினேன். இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் வந்தது.

வெட்கத்தை விட்டுத் தொலைபேசி எடுத்துக் காரணம் கேட்டேன். மறுபக்கம் பேசிய பெண் திருப்பிக் கேட்டார்: "அந்த ஊரில் இப்போது எத்தனை தறி ஓடுகிறது? எத்தனை நிற்கிறது? ஏன் நிற்கிறது?" என்னிடம் பதில் இல்லை. பிறந்து வளர்ந்த ஊருக்குப் பக்கத்து ஊர்!

அடுத்த வாரம் வீடு வீடாகப் போனோம். ஒரு ராத்தா பின் விறாந்தைக்குக் கூட்டிப்போய், பழைய சாரனால் மூடியிருந்த தறியைத் திறந்து காட்டினார். "தறி இரிக்கி, புள்ள. நூல்தான் இல்ல" என்றார். கையில் காசில்லாததால் முதலாளியிடம் நூலைக் கடனுக்கு எடுக்க வேண்டும். கடனுக்கு எடுத்தால், நெய்த சாரனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் கூலிகூட மிஞ்சாது என்று நெய்வதையே விட்டுவிட்டார். 31 வீடுகளுக்குப் போனோம். 19 வீடுகளில் தறி இருந்தது. அதில் 11 தறி நின்றுபோயிருந்தது. நான் கேட்டபடி 20 தறி கிடைத்திருந்தால், அவையும் விறாந்தையில் தூசி பிடித்துத்தான் கிடந்திருக்கும்.

இரண்டாவது முன்மொழிவு நான்கே பக்கம். நூல் வாங்க ஒரு சுழற்சி நிதி கேட்டோம். தொகை முன்பு கேட்டதில் கால்வாசிதான். அது கிடைத்தது.

சகோதரிகளே, முன்மொழிவு எழுதுவதில் பாதி வேலை பேனை எடுப்பதற்கு முன்னரே நடக்கிறது. யாருக்காகக் கேட்கிறோமோ அவர்களிடம் முதலில் கேளுங்கள், எண்ணுங்கள். கொழும்பிலோ ஜெனீவாவிலோ இருக்கும் அதிகாரிக்குத் தெரியாதது உங்கள் தெரு ஒன்றுதான். அதைத்தான் அவருக்கு எழுத வேண்டும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது? ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்டக் கருத்திட்டங்களுக்கான உதவி கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் பொருந்தும். சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் அங்கே கேட்டுப் பயனில்லை. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக வரும் உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியம் சுற்றாடலுக்கானது. அங்கே நூலுக்குக் கேட்க முடியாது. சாயத் தண்ணீர் கிணற்றில் சேராமல் தடுக்கக் கேட்கலாம். கொழும்பிலேயே, பெண்கள் நடத்தும் அமைப்புகளுக்கு உதவும் ஆசியப் பெண்கள் நிதியம் இருக்கிறது; நீலன் திருச்செல்வம் நம்பிக்கை நிதியம் இருக்கிறது. முன்னர் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்பினால், வாசிப்பவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஊருக்குள்ளும் வாசல்கள் உண்டு. ஸகாத் நிதியிடம் கேட்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். ஸகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர். நீங்கள் காட்டும் குடும்பம் அதில் எந்த வகை என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால், பொறுப்பாளர்களின் வேலையும் இலேசாகும்.

மூன்றாவது, கணக்கு. பிரதேச செயலகத்தில் பதிவு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்புப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கோப்பு ஆகிய நான்கும் முதலில் இருக்க வேண்டும். எப்படியும் வெட்டுவார்கள் என்று தொகையைக் கூட்டிப் போடாதீர்கள். நூல் ஒரு கட்டு என்ன விலை என்று கடையில் கேட்டு, விலைப்பட்டியலை இணையுங்கள்.

கடைசியாக அறிக்கை. எங்கள் சுழற்சி நிதியில் இரண்டு பேர் காசைத் திருப்பவில்லை. மறைத்துவிடலாம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். நாங்கள் உள்ளதை உள்ளபடி எழுதினோம்: ஒருவருக்கு நோய், மற்றவர் ஊரைவிட்டுப் போய்விட்டார், இனி ஐந்து பேர் கொண்ட குழுவாகவே கொடுப்போம் என்று. பயந்துகொண்டுதான் அனுப்பினோம். இரண்டாம் கட்டப் பணம் தடையில்லாமல் வந்தது.

இந்த மலரை டோஹாவிலும் இலண்டனிலும் மெல்பேர்னிலும் வாசிக்கப்போகும் தோழிகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பும் காசுக்கு நன்றி. அதோடு இன்னொன்றும் தாருங்கள். ஊரில் இருக்கும் மாதர் சங்கங்களில் பல, தேவையை நன்றாக அறிந்தவை. ஆங்கிலப் படிவத்தைக் கண்டதும் பின்வாங்கிவிடுகின்றன. வருடத்தில் இரண்டு மாலை நேரத்தை ஒதுக்கி, ஒரு சங்கத்தின் முன்மொழிவை வாசித்துத் திருத்திக் கொடுங்கள். அவர்கள் தமிழில் எழுதட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் ஆக்குங்கள். அவர்கள் சொல்லாத எதையும் கூட்டிவிடாதீர்கள்.

அந்த ராத்தாவின் தறி இன்னும் ஓடுகிறது. இன்று நான் உடுத்திருக்கும் இந்தச் சேலை அதில் நெய்ததுதான்.