மருந்தென்னும் சொல்லும் கருவின் முதல் வாரமும்



ஈயத்தாலும் இரப்பராலும் வளர்ந்தது கோப்பெங் வட்டாரம். இரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர் வந்த செம்பனைத் தோட்டங்களிலும் நம் தாய்மார் பலர் முதுகில் தெளிப்பானைச் சுமந்து உழைத்தனர். களைக்கும் பூச்சிக்கும் நஞ்சு தெளிக்கும் அவ்வேலைக்கு நாம் இட்ட பெயர் ‘மருந்தடித்தல்’.

அந்நஞ்சுகளுள் ஒருவகை, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீரைப் போல் உடலிற் செயற்படுவது. டி.டி.டி., மெத்தாக்சிகுளோர், எண்டோசல்பான் ஆகிய பூச்சிக்கொல்லிகள் அவ்வகையின. அவை இளங்கருவுக்கு என்ன செய்கின்றன என்பதே இன்றைய பொருள்.

கருவுற்ற முட்டை பிளவுற்றுப் பெருகிக்கொண்டே கருக்குழாய் வழியே நகர்ந்து, 4 நாளளவில் கருப்பையை அடைகின்றது. ஒரு வாரமளவில் அதன் சுவரிற் பதியத் தொடங்குகின்றது. குழாயின் அசைவையும் சுவரின் பக்குவத்தையும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அளவொத்து நடத்துகின்றன. போலி ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் அவ்வொழுங்கு குலைகின்றது. மெத்தாக்சிகுளோர் கொடுக்கப்பட்ட எலிகளிடத்துப் பதியும் கருக்கள் குறைந்தன. அங்குக் கொடுத்த அளவு பெரிது. அதனை அப்படியே மனிதர்க்குப் பொருத்துதல் தகாது.

ஆயினும் மனிதரிடத்தும் ஒரு சான்று உண்டு. 1938இல் உருவாக்கப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன், கருச்சிதைவைத் தடுக்குமென்று கருவுற்றோர்க்குத் தரப்பட்டது. அவர்தம் புதல்வியருட் சிலர்க்கு அரிய புற்றுநோய் தோன்றியதை 1971இல் மருத்துவர் கண்டனர். அதுவும் மருந்தென்றே கொடுக்கப்பட்டது.

கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்கள்மீது 2000 வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்குப் பிறவிக் குறைகளோடு பிறந்த பிள்ளைகளின் துயர் உலகறிந்தது. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்நஞ்சைத் தடைசெய்தது. அவ்வாண்டே ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலிலும் அது சேர்ந்தது.

கருவுற்ற பெண்ணை இவ்வேலையிலிருந்து மாற்றுதல் நன்றே. ஆனால் மாதவிலக்குத் தவறி அவள் தன் நிலையை அறியும்போது ஏறத்தாழ 2 வாரம் கடந்து, கரு பதிந்து முடிந்திருக்கும். நாம் கூறிய முதல் வாரம் அவளறியாமலே கழிந்துவிடுகின்றது. ஆதலின் கையுறையும் முகக்கவசமும் வேலையுடையைத் தனியே துவைக்கும் வசதியும், கருவுற்றபின் அன்று, வேலையில் சேரும் நாளிலேயே வேண்டும்.

மருந்தென்றால் நலம் தருவதென்று நம்புவது தமிழ் மனம். கலங்கிய அந்நீரை வெறுங்கையால் கலக்கியவர்களும், வெறுங்கலத்தை வீட்டுத் தண்ணீருக்கு எடுத்தவர்களும் அச்சொல்லை நம்பியவர்களே. இனி நம் பேச்சிலும் பள்ளிப் பாடத்திலும் ‘நஞ்சு தெளித்தல்’ என்றே வழங்குவோம்.