முடிந்ததும் முடியாததும்



நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஒருநாள், மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் எழுதிய விடுப்புக் கடிதத்தை என் மேசைமீது வைத்தான். "மை பாதர் வாஸ் இல் பார் டென் டேஸ்" என்று அது தொடங்கிற்று. "தந்தைதான் குணமடைந்துவிட்டாரே, இனி விடுப்பு எதற்கு?" என்று சொல்லி மறுத்துவிட்டேன். அவன் மறுமொழி கூறாமல் வகுப்புக்குத் திரும்பினான். அவனுடைய தந்தை அன்றும் படுக்கையில்தான் இருந்தார் என்பதை மாலையில் பிறர் சொல்லி அறிந்தேன்.

பிழை எவ்வாறு நேர்ந்தது? "அப்பாவுக்குப் பத்து நாளாக உடம்பு சரியில்லை" என்று அவன் தமிழில் எண்ணினான். "இல்லை" என்பது காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்பு வினை. நோய் இன்னும் தொடர்கிறது என்பதைப் "பத்து நாளாக" என்ற தொடரே உணர்த்திவிடுகிறது. ஆங்கிலத்திலோ அந்தப் பொறுப்பு வினைச்சொல்லைச் சேர்ந்தது. "வாஸ் இல்" என்றால் அந்த நோய் முடிந்துபோயிற்று. "ஹாஸ் பீன் இல்" என்றால் இன்றும் நீடிக்கிறது.

ஆகவே, கடந்த செய்தி ஒன்றை ஆங்கிலத்தில் எழுதுமுன் உங்களையே ஒரு வினாக் கேளுங்கள்: இது சென்ற காலத்தோடு நின்றுவிட்டதா, அல்லது இன்றைய பொழுதையும் தொடுகிறதா? இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது. அந்த ஆண்டு கடந்துவிட்டது. ஆகையால் "பிகேம் இண்டிபெண்டெண்ட்" என்கிறோம். 1950 முதல் அது குடியரசாக விளங்கி வருகிறது. இதற்கு "ஹாஸ் பீன் எ ரிபப்ளிக்" என்பதே பொருந்தும்.

மற்றோர் இடத்திலும் விழிப்பு வேண்டும். காலையில் ஈரமண்ணைக் கண்டு, "நேற்றிரவு மழை பெய்திருக்கிறது" என்கிறோம். நாம் நேரில் காணாமல் உய்த்துணர்ந்ததை அவ்வினை அழகாகக் காட்டுகிறது. அதனை அப்படியே பெயர்த்து, "இட் ஹாஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று எழுதுவது பிழை. எஸ்டர்டே, லாஸ்ட் நைட் என முடிந்த காலத்தைச் சுட்டும் சொற்களோடு "ஹாஸ் ரெயின்ட்" போன்ற பிரெசென்ட் பெர்பெக்ட் வடிவம் இணங்காது. "இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்பதே சரி.

மறுநாள் அம்மாணவனை அழைத்து விடுப்பளித்தேன். கடிதத்தையும் திருத்திக் காட்டினேன். ஆயினும் தந்தையின் அருகில் அவன் இருந்திருக்க வேண்டிய ஒரு நாள் போயிற்று. "தந்தையார் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று நான் ஒரு சொல் கேட்டிருந்தால் அது நேர்ந்திராது. எழுதுபவர் காலத்தைக் கருதி எழுதுக. படிப்பவர் எழுதியவரின் நிலையைக் கருதிப் படிக்க.