நாட்பட்ட நோவு: கடற்கரையிலும் நகரத்திலும்

(ஜெகதாப்பட்டினத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும் சிக்கனத்தைப் பற்றியும் இம்மேடையில் பலர் பேசியுள்ளனர். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் இடுப்பு வலியும் முழங்கால் வலியுமாகும். இதுவும் ஒரு பொருளோ என நகைத்தல் வேண்டா. மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என மருத்துவ நூலார் வகுப்பர். உலக சுகாதார நிறுவனமும், 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப்பட்டியலில் அதற்குத் தனியிடம் அளித்துள்ளது. ஆகவே, அதனைச் சோம்பல் என்று இகழ்தலும் விதியென்று விடுதலும் பிழையாம்.

நம் குலத்திளைஞர் பலர் சென்னை முதலிய நகரங்களில் கணினியின் முன் அமர்ந்து பணிபுரிகின்றனர். அவர்க்குக் கழுத்தும் இடுப்பும் நோவது இருந்த இடத்தே நெடிதிருத்தலால். இங்கோ, விசைப்படகின் இயந்திர அதிர்ச்சி, வலை இழுத்தல், தளத்தில் குந்தி மீன் பிரித்தல், கரையில் குனிந்து வலை பழுது பார்த்தல் ஆகிய இவை ஆடவர் முதுகை வருத்துகின்றன. மீன்கூடை சுமந்தும் குந்தி மீன் ஆய்ந்தும் தாய்மார்களின் முழங்கால் தேய்கின்றது. நகரத்தான் தன் நாற்காலியை மாற்றிக்கொள்ளலாம். மீனவன் கடலை மாற்ற இயலுமோ?

பல நாட்டு ஆய்வுகள் இந்நோவு நாட்டுப்புறத்தாரிடம் மிகுந்திருத்தலைக் காட்டுகின்றன. ஆயினும் மருத்துவமனைக் கணக்கை மட்டும் பார்ப்பவர்க்கு இது புலப்படாது. 1996இல் பூனாவை அடுத்த பிக்வான் என்னுஞ் சிற்றூரில் மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் வீடுதோறும் சென்று வினவினர். மூட்டு, தசை நோவுடையார் பலர் வெளிப்பட்டனர். தேடிச் சென்றாலன்றிச் சிற்றூர் தன் நோவைச் சொல்லாது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன். நகரத்தில் முதல் மூன்றும் உள. தனித்து வாழ்வார்க்கு நான்காவது அரிது. நம் ஊரில் உடனிருப்பார்க்குக் குறைவில்லை. முதற்கூறாகிய நோயுற்றவனோ வாய் திறவான். ஒருநாள் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய வரும்படி போம் என்றஞ்சி, மருத்துவனை விட்டு மருந்தை மட்டும் கடையில் வாங்குகின்றான்.

இக்குற்றத்திற்கு யாமும் புறம்பல்லோம். ஆண்டுக்கணக்காக நின்று பாடஞ் சொல்லியதால் எமக்கு முழங்கால் வலி உண்டாயிற்று. எட்டுத் திங்கள், எவரையும் கேளாது, வலி மாத்திரை விழுங்கினோம். முழங்கால் குணமாகவில்லை, வயிற்றில் புண் வந்தது. “முதல் மாதமே வந்திருந்தால் பயிற்சியோடு போயிருக்கும், ஐயா,” என்றார் மருத்துவர். நாணித் தலைகுனிந்தோம். வலி மாத்திரைகளை நெடுநாள் உண்பது சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதை அன்றே அறிந்தோம். வலிபோக்கப் போய் உயிருறுப்பை இழப்பது இலாபமாகுமோ?

சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைபட்டிருக்கும் 61 நாட்களில் வரும்படி இழப்பு என்னும் தடையில்லை. அக்காலத்தே ஒவ்வொரு வீட்டாரும் தம் நோவை மருத்துவரிடம் காட்டி, இயன்முறைப் பயிற்சியைக் கற்க ஏற்பாடு செய்க. இரண்டு: 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் உண்டு, நடக்கமாட்டாத முதியோர் பெயர்களைத் தொகுத்துச் சுகாதார ஊழியர்க்கு அளிக்க. மூன்று: நம் பெண்டிர் நின்றவாறே மீன் ஆய்வதற்கு இடுப்பளவு உயர்ந்த மேடைகளைக் கரையில் கட்டுக. செலவு சிறிது, பயன் பெரிது.

நோவுடன் கால் மரத்தல், சிறுநீர் தடைப்படல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு நாளுந் தாழ்த்தலாகாது.

நகரத்து உறவினர்காள்! ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது பணம் வந்ததா என்று கேட்பதோடு அமையாது, “அம்மா, முழங்கால் எப்படியிருக்கிறது?” என்றுங் கேளுங்கள். தாய்மார்களே! கேட்பவரிடம் “ஒன்றுமில்லை” என்று சொல்லாதீர்கள்.

பொறுமை நம் குலத்தின் அணி. நோயை மறைத்தல் பொறுமையாகாது.