இரண்டு நாளில் எத்தனை ஊர்?

(சங்கச் சுற்றுலா குறித்துக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

சங்கரன்கோவில் பக்கம் போகலாம் என்று முடிவானதும் நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஊர்ப் பெயர்கள் வந்து குவிந்துவிட்டன. எண்ணிப் பார்த்தேன்: சங்கரன்கோவில், கழுகுமலை, தென்காசி, குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று ஏழு. கையில் இருப்பதோ சனியும் ஞாயிறும்.

கிலோமீட்டரை விடுங்கள், கோயில் நடை நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்களில் மதியம் 12, 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். வெள்ளி இரவு சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி காலை சங்கரன்கோவில். ஞாயிறு மாலை தென்காசியில் அதே ரயிலைப் பிடித்துத் திரும்ப வேண்டும். ஆக, சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை என்று மூன்றே வேளைதான் நமக்கு.

முதல் வேளையைச் சங்கரன்கோவிலுக்கே முழுசாகக் கொடுங்கள். சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் என்று மூன்று சன்னதி. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் வாதாடியதாகவும், அம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவமாகக் காட்டியதாகவும் தலபுராணம். நம் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் அவசியம் போக வேண்டிய கோயில்! புற்றுமண் பிரசாதம் வாங்க மறக்காதீர்கள்.

மதியம் சாப்பிட்டு, பெரியவர்கள் படுத்து எழுந்ததும், சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. ஒரே பாறையைக் குடைந்த பாண்டியர் கால வெட்டுவான் கோயில் தொல்லியல் சின்னம், அதற்கு நடை சாத்தும் கணக்கு இல்லை. ஆனால் உச்சி வெயிலில் பாறையில் கால் வைக்க முடியாது, மூன்றரைக்கு மேல் ஏறலாம். முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து, நடை திறந்ததும் கழுகாசலமூர்த்தியைத் தரிசிக்கட்டும்.

ஞாயிறு காலை தென்காசி காசி விசுவநாதர். மதிய இடைவெளியில் குற்றாலம், சீசன் இருந்தால். அருவிக்கு மட்டும் நேரம் குறிக்க வேண்டாம். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். தடை என்றால் தடைதான், "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று யாரும் காவலரிடம் வாதாடக் கூடாது.

கன்னியாகுமரி கேட்டவர்களுக்கு: சங்கரன்கோவிலிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். போக வர ஆறு மணி நேரம் வேனிலேயே போய்விடும். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வோம். திங்களும் விடுப்பு கிடைத்தால் திருநெல்வேலியைச் சேர்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்த முறை பால்கோவாவோடு சரி, அதுவும் ரயில் நிற்கும்போது கிடைத்தால்!

ஆடித் தபசு நாளில் மட்டும் இந்தத் திட்டம் செல்லாது. அன்று ஊரே கூட்டத்தில் திணறும், அறை கிடைக்காது. தபசு பார்க்க விரும்புகிறவர்கள் தனியாகக் கை தூக்குங்கள். மற்றவர்கள் முன்பதிவுக்கான பெயர், வயது விவரங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். கீழ் பெர்த் யாருக்கு வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.