17-ஆம் பக்கத்துல ஒரு தப்பு: காலேஜ் ஃபுட்பால் பத்திரிகை போட்ட கதை

(எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடை மாறாமல், வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல போகிற போக்குல, “காலேஜ்ல படிக்கும்போது நாங்க ஒரு ஃபுட்பால் பத்திரிகை நடத்தினோம்”னு சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. “நாங்களும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எங்க இருந்து தொடங்கறது? எவ்வளவு செலவாகும்?” அதனால இன்னைக்கு முழுக்க அந்தக் கதைதான். நாங்க பண்ண ஒரு பெரிய தப்பும் இதுல வரும். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

முதல்ல, எதுக்கு ஒரு பத்திரிகை? சென்னையின் எஃப்சி மேட்சோ, பிரீமியர் லீக் மேட்சோ முடிஞ்ச அடுத்த நிமிஷமே போன்ல எல்லாம் வந்துடுது. யார் எத்தனை பாஸ் பண்ணாங்கங்கறது வரைக்கும் இருக்கு. அதை நாம எழுதி, ஒரு வாரம் கழிச்சு அச்சடிச்சுக் கொடுத்தா யார் படிப்பா? ஆனா நம்ம காலேஜ் கிரவுண்ட்ல ஞாயித்துக்கிழமை காலையில நடக்கற மேட்சை வேற யாரும் எழுத மாட்டாங்க. நாம எழுதலைன்னா அது எங்கயுமே பதிவாகாது.

இதுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1972-ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் சேர்ந்து ‘ஃபவுல்’னு ஒரு ஃபுட்பால் பத்திரிகை ஆரம்பிச்சாங்க. அப்போ இருந்த பத்திரிகைகள் ஸ்டார் பிளேயர் படமும் புகழ்ச்சியுமா ஓடிட்டிருந்த காலம். இவங்க கிண்டலும் கேள்வியுமா எழுதினாங்க. 1976-ல அது நின்னுபோச்சு. பத்து வருஷம் கழிச்சு 1986-ல ‘வென் சாட்டர்டே கம்ஸ்’ அதே மாதிரி சின்னதா, ரசிகர்களே போட்ட பத்திரிகையா வந்துச்சு. ஆக, பெரிய ஆபீஸ், பெரிய கேமரா எல்லாம் இருந்தாத்தான் முடியும்னு இல்ல.

நாங்க அஞ்சு பேர். எழுத ரெண்டு பேர், போட்டோவுக்கு ஒருத்தன், லே-அவுட்டுக்கு ஒருத்தி, காசுக்கு ஒருத்தன். காசு பார்க்க தனியா ஒரு ஆள் கட்டாயம் வேணும். எழுதற ஆளே காசையும் பார்த்தா ரெண்டுமே கெட்டுப்போகும்.

முதல்ல டம்மி

எழுத உட்கார்றதுக்கு முன்னாடி டம்மி போடுங்க. எட்டு ஏ4 பேப்பர் எடுத்து, ஒண்ணா அடுக்கி நடுவுல மடிச்சா 32 பக்கத்துக்கு ஒரு குட்டி புக் கிடைக்கும். பென்சில்ல பக்க எண் போட்டு, எந்தப் பக்கத்துல என்னன்னு எழுதுங்க. ஒரு ஷீட்டை மடிச்சா நாலு பக்கம் வருது இல்லையா, அதனால சென்டர் பின் அடிக்கற புக் எப்பவும் நாலின் மடங்குலதான் இருக்கணும். “30 பக்கம் போடலாம்ணே”ன்னு பிரஸ்ல போய்ச் சொன்னீங்கன்னா சிரிப்பாங்க. எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க.

டம்மியைப் பிரிச்சுப் பார்த்தா இன்னொண்ணு தெரியும். பக்கத்துப் பக்கத்துல அச்சாகற ரெண்டு பக்க எண்ணையும் கூட்டினா எப்பவும் 33 வரும். 1-ஆம் பக்கம் 32-கூட, 2-ஆம் பக்கம் 31-கூட. நடு ஷீட்ல 15, 16, 17, 18 நாலும் ஒண்ணா வரும். எங்க மொத்தத் திட்டமும் இந்த நடு ஷீட்டை வெச்சுத்தான் போட்டோம்.

எப்படின்னா, பத்திரிகையில ரெண்டு விதமான மேட்டர் இருக்கு. ஒரு மாசம் முன்னாடியே எழுதி வெச்சாலும் கெடாதது ஒண்ணு. பேட்டி, பழைய டீம்களோட கதை, கிரவுண்ட் மேன் அண்ணனைப் பத்தின கட்டுரை, முழங்கால் காயத்தைப் பத்தி ஒரு பிசியோகிட்ட கேட்டு எழுதினது. இன்னொண்ணு, கடைசி நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியது. அதாவது ஃபைனல் ரிப்போர்ட். அதை நடு ஷீட்ல மட்டும் வெச்சோம். மத்த ஏழு ஷீட்டும் முந்தின வாரமே அச்சாகி ரெடி. ஞாயித்துக்கிழமை ஃபைனல் முடிஞ்சதும் ராத்திரி நாலு பக்கம் எழுதினா போதும். திங்கள் அச்சு, செவ்வாய் பின் அடிக்கறது, புதன்கிழமை கேன்டீன் வாசல்ல விற்பனை.

காசு கணக்கு

300 பிரதி போட்டோம். இவ்வளவு குறைவா போடும்போது ஆஃப்செட் கட்டுப்படி ஆகாது. அதுல பிளேட் செலவு முன்னாடியே வந்துடும், ஆயிரக்கணக்குல அடிச்சாத்தான் ஒரு பிரதியோட விலை இறங்கும். அதனால டிஜிட்டல். உள்ளே கறுப்பு-வெள்ளை, ரேப்பர் மட்டும் கலர், கொஞ்சம் கனமான ஆர்ட் பேப்பர்ல. ஒரு பிரதிக்கு முப்பது ரூபாய், மொத்தம் 9,000.

விலை 20 ரூபாய்தான் வெச்சோம். ஏன்னா ஸ்டூடன்ட் பாக்கெட்ல இருந்து அதுக்கு மேல வராது. 250 பிரதி வித்தா 5,000. மீதி 4,000-க்கு விளம்பரம். பின்னட்டை ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்கு 2,000. காலேஜ் வாசல்ல இருக்கற டீக்கடையும் ஜெராக்ஸ் கடையும் அரைப் பக்கத்துக்கு ஆளுக்கு 1,000. லாபம் எதுவும் இல்ல. கைக்காசு போகாம இருந்தா போதும்னு நினைச்சோம்.

அச்சுல கால் வாரிவிடற விஷயங்கள்

மூணு விஷயம் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

ஒண்ணு, போட்டோ. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சுருங்கிடும். போன்ல பளிச்சுன்னு இருக்கும், பேப்பர்ல கட்டம் கட்டமா வரும். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. அச்சாகற சைஸ்ல 300 டிபிஐ இருக்கணும். எடுக்கும்போது ஷட்டர் ஸ்பீடு 500-ல ஒரு பங்கு செகண்டாவது வைங்க, இல்லைன்னா கால் எல்லாம் புகை மாதிரி வரும்.

ரெண்டு, தமிழ் ஃபான்ட். நாம போன்ல அடிக்கறது யூனிகோட். சில பிரஸ்ல இன்னும் பழைய ஃபான்ட்தான் வெச்சிருக்காங்க. மாத்தும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போயிடும். ‘கோல்’ங்கற வார்த்தையே உடைஞ்சு போய் வந்துச்சு எங்களுக்கு. ஃபுட்பால் பத்திரிகையில அந்த வார்த்தை எத்தனை தடவை வரும், யோசிச்சுப் பாருங்க. பிடிஎஃப்ல ஃபான்ட்டை எம்பெட் பண்ணிக் கொடுத்துடுங்க. அப்புறமும் பேப்பர்ல ஒரு புரூஃப் எடுத்து வாய்விட்டுப் படிங்க.

மூணு, நான் சொல்ல வந்த அந்தத் தப்பு.

17-ஆம் பக்கம்

அந்த வருஷம் பொண்ணுங்க டீம் ஃபைனலுக்கு வந்திருந்துச்சு. 1–0-ல ஜெயிச்சோம். கடைசி சில நிமிஷத்துல ஒரு கார்னர், கூட்டத்துக்கு நடுவுல இருந்து ஒரு கால் நீண்டுச்சு, பந்து உள்ளே. நான் எதிர்ப் பக்கம் டச்லைன்ல நின்னுட்டிருந்தேன். முதுகுல 8-ஆம் நம்பர் தெரிஞ்சுது. 8 எங்க கேப்டன். அந்த டோர்னமென்ட்ல அவ ஏற்கெனவே மூணு கோல் போட்டிருந்தா. சந்தேகமே வரல. ராத்திரி உட்கார்ந்து கேப்டனோட கோலைப் பத்தி அரைப் பக்கம் உருகி உருகி எழுதினேன். 17-ஆம் பக்கம். 18-ஆம் பக்கத்துல கோல் போட்டவங்க பட்டியல், அதுலயும் அவ பேர்.

புதன்கிழமை விற்பனை பிச்சுக்கிச்சு. ஒரே நாள்ல 120 பிரதி. சாயங்காலம் முதல் வருஷப் பொண்ணு ஒருத்தி அவங்க அப்பாவோட வந்தா. டீம்ல சப்ஸ்டிட்யூட். அப்பா ஆட்டோ ஓட்டறவர், கூட்டிட்டுப் போக வந்திருந்தார். “ரெண்டு புக் குடும்மா, ஒண்ணு ஊருக்கு அனுப்பணும்”னு சொல்லி நாப்பது ரூபாய் கொடுத்தார். அவ நின்ன இடத்துலயே நடுப் பக்கத்தைப் பிரிச்சுப் பார்த்தா. மூடிட்டா. சிரிச்சுட்டுப் போயிட்டா.

மறுநாள் காலையில தனியா வந்தா.

“அக்கா, ரிப்போர்ட் நல்லா எழுதியிருந்தீங்க.”

“தேங்க்ஸ்மா.”

“ஆனா அந்த கோல் நான்தான்கா போட்டேன். பரவாயில்லக்கா. டீம் ஜெயிச்சாச்சுல்ல.”

அவ ஜெர்சி நம்பர் 18. ஒட்டின நம்பர், அந்த 1 உரிஞ்சு விழுந்திருக்கு. நான் பார்த்தது பாதி, நானா நினைச்சுக்கிட்டது பாதி. ரெஃப்ரீகிட்ட மேட்ச் ஷீட் இருந்துச்சு, போய்ப் பார்க்கல. மேட்ச் முடிஞ்சு கேப்டன்கிட்ட பேட்டி எடுத்தேன், கோச்சைப் பத்திக் கேட்டேன், அடுத்த வருஷத்தைப் பத்திக் கேட்டேன். கோலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அன்னைக்கு மதியம் எங்க அஞ்சு பேருக்குள்ள சண்டை. காசு பார்க்கறவன் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. “கையில காசு இல்ல. அடுத்த இதழ்ல திருத்தம்னு ஒரு பெட்டி போட்டுடலாம், எல்லாப் பத்திரிகையும் அதைத்தானே பண்ணுது?” ஆனா அடுத்த இதழ் ஆறு மாசம் கழிச்சு. நாங்க எல்லாரும் கடைசி வருஷம். வருமாங்கறதே தெரியாது. அதோட, அந்த ரெண்டாவது புக் ஊருக்குப் போயிடுச்சு. அங்க யாராவது பேர் தேடிப் பார்ப்பாங்க இல்ல?

சின்ன விஷயம் மாதிரி தோணும். ஆனா பெரிய மேட்ச்லயே இந்தக் குழப்பம் உண்டு. இந்தியா ஒலிம்பிக்ல கடைசியா ஃபுட்பால் ஆடினது 1960, ரோம். கடைசி மேட்ச்ல பெருகிட்ட 3–1-னு தோத்தோம். அந்த ஒரு கோல் யாரோடது? சில பதிவுகள்ல பலராம்னு இருக்கும். நம்ம ஊர்ச் செய்திகள்ல பல தடவை தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தரராஜ்னு வரும். ஒலிம்பிக் கோலுக்கே இந்த நிலைமைன்னா, எங்க காலேஜ் கிரவுண்ட்ல விழுந்த கோலுக்கு எங்களை விட்டா வேற யார் சாட்சி?

காப்பாத்தினது அந்த நடு ஷீட்தான். தப்பு 17-லயும் 18-லயும் மட்டும். ரெண்டும் ஒரே ஷீட். மொத்த புக்கையும் திரும்ப அடிக்க வேண்டாம். 300 ஷீட், ரெண்டு பக்கமும் கறுப்பு-வெள்ளை, 600 ரூபாய். அஞ்சு பேரும் ஆளுக்கு 120 போட்டோம். திரும்ப எழுதினப்போ ரெஃப்ரீ ஷீட்டைப் பார்த்தேன். அவகிட்டயே நோட்டைக் கொடுத்து, பேரையும் இனிஷியலையும் அவ கையாலயே எழுதச் சொன்னேன். அப்பதான் தெரிஞ்சுது, வேற பக்கத்துல டீம் லிஸ்ட்ல அவ இனிஷியலையும் தப்பாப் போட்டிருக்கோம்னு. அது வேற ஷீட். அதை மாத்த முடியல, 18-ஆம் பக்கத்துலயே ஒரு வரி சேர்த்தோம்.

விற்காம இருந்த 180 பிரதியையும் ஹாஸ்டல் வராந்தாவுல குவிச்சு, பின்னை நிமித்தி, பழைய ஷீட்டை உருவி, புதுசை வெச்சு, திரும்ப மடக்கினோம். கேப்டனும் வந்து உட்கார்ந்தா. “நானே சொல்லியிருக்கணும்டி, இன்னும் புக்கைப் பிரிச்சே பார்க்கல”ன்னா. விரல் எல்லாம் குத்திக்கிச்சு. வித்துப்போன 120-க்கும் வகுப்பு வகுப்பா போய், “நடு ஷீட்டை மாத்திக் கொடுக்கறோம்”னு கேட்டோம். எழுபது சொச்சம்தான் கிடைச்சுது. மீதி எங்க இருக்குன்னு தெரியல. அதுல எல்லாம் கோல் இன்னும் கேப்டன் பேர்லதான் இருக்கு.

அவங்க அப்பாவுக்குப் புது புக் ரெண்டு கொடுத்தோம். காசு வாங்கல. அவர் 17-ஆம் பக்கத்தைப் படிச்சுட்டு, “முன்னாடி கொடுத்ததை என்னம்மா பண்றது?”ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல.

நீங்க ஆரம்பிக்கும்போது

அதுக்கப்புறம் நாங்க வெச்ச விதிகள் ரொம்ப எளிமையானவை. ஒவ்வொரு மேட்சுக்கும் ரெண்டு பேர் போகணும், கிரவுண்டோட ரெண்டு பக்கம் நிக்கணும். கோல் போட்டது யாருன்னு ரெஃப்ரீ ஷீட்ல பார்த்து, அந்த பிளேயர்கிட்டயும் கேட்டு, ரெண்டும் ஒத்துப்போனாத்தான் எழுதணும். பேரை அவங்களையே எழுத வைக்கணும். மேட்ச் எழுதினவர் தன் ரிப்போர்ட்டைத் தானே புரூஃப் பார்க்கக் கூடாது, ஏன்னா தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு இதழ் வந்துச்சான்னு கேப்பீங்க. வந்துச்சு, நாங்க வெளியே போனப்புறம். எங்க ஜூனியர்ஸ் போட்டாங்க. 24 பக்கம்தான். மேட்ச் ரிப்போர்ட் எழுதினது அந்த 18-ஆம் நம்பர் பொண்ணு.

உங்க காலேஜ்லயோ ஏரியாவுலயோ இப்படி ஏதாவது பத்திரிகை போட்டிருந்தா, இல்ல போடப்போறீங்கன்னா, எங்களுக்கு எழுதுங்க. முதல் டம்மியைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் சந்தோஷம். டாக்குமென்ட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.