பரஞ்சோதி என்னும் சிறுத்தொண்டர்



கன்னட நாட்டில் இன்று பாதாமி என்று வழங்கும் வாதாபி நகரத்துப் பாறையொன்றில், சிதைந்த நிலையிலும் மாமல்ல நரசிம்மவர்மனின் பெயரைத் தாங்கி நிற்கும் பல்லவ சாஸனம் ஒன்று உண்டு. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில், வாதாபியை ஆண்ட சளுக்கிய மன்னன் புலிகேசியைப் புறங்காட்டச் செய்து, அவன் முதுகையே ஏடாக்கி அதில் வெற்றியை எழுதினான் பல்லவ மன்னன் என்று கூரம் செப்பேடு வருணிக்கிறது. கி.பி. 642-ஐ ஒட்டி நிகழ்ந்த மகத்தான வாதாபி யுத்தத்தில் சேனையை நடத்திய தளபதி யார் என்பதை மட்டும் கல்லும் செம்பும் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர், 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார். சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் தோன்றி, ஆயுர்வேதமும் வடநூற் கலைகளும் யானையேற்றம் குதிரையேற்றமும் பயின்று, வாதாபியைத் துகளாக்கி, யானைகளும் குதிரைகளும் மணிகளும் பொன்னும் கொணர்ந்து மன்னன் முன் வைத்த பரஞ்சோதியாரை அவர் நமக்குக் காட்டுகிறார். விந்தை என்னவெனில், அம்மன்னனின் பெயரைச் சேக்கிழார் கூறவில்லை. சாஸனங்களோடு ஒப்பிட்டு, அவன் நரசிம்மவர்மனே என்று துணிந்தவர்கள் பிற்கால ஆராய்ச்சியாளர்கள்.

தளபதியின் பராக்கிரமத்துக்குச் சிவபக்தியே மூலம் என்று அமைச்சர்கள் உரைக்கக் கேட்ட மன்னன், சிவனடியார் ஒருவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சம் பதைத்து, அவரிடம் பிழைபொறுக்க வேண்டி, நிறைநிதி நல்கி ஊருக்கு அனுப்பிவைத்தானாம். ஊர் திரும்பிய அவர், கணபதீச்சரத்து இறைவனைத் தொழுது, மனைவி திருவெண்காட்டு நங்கையுடன் நாள்தோறும் அடியார்களுக்கு அமுதளித்து, அவர்கள் முன் தம்மை மிகச் சிறியராக்கிப் பணிந்தமையால் சிறுத்தொண்டர் ஆனார். திருஞானசம்பந்தரும் அவ்வூர்ப் பதிகத்தில் இப்பெயரையே அமைத்துப் பாடினார்.

அடியாருக்கு அமுதாகத் தம் மகன் சீராளனையே அளித்த, கேட்போர் நெஞ்சை நடுங்கவைக்கும் கதை அவருடைய தொண்டின் எல்லையைக் காட்டுவது. வாதாபியிலிருந்து அவர் கணபதியைக் கொணர்ந்தார் என்னும் செய்தி சேக்கிழார் வாக்கில் இல்லை. எனினும் அந்த ஐதிகம் தமிழர் மனத்தில் வேரூன்றிவிட்டது. வாதாபி கணபதியைப் பாடும் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் ஹம்ஸத்வனி கீர்த்தனை ஒலிக்கும்போதெல்லாம், சங்கீத ரசிகர் பலருக்குப் பரஞ்சோதியாரின் ஞாபகம் எழுகிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' அவரை இளைஞராகவே நம் வீடுகளுக்குள் அழைத்து வந்தது.

வாளேந்திய காலத்தில் பிறர் கீர்த்திக்குத் துணைநின்றவர், வாளை வைத்த பின்னரே தம் பெயரால் அறியப்பட்டார். சித்திரைப் பரணியன்று திருச்செங்காட்டங்குடியில் அமுதுபடையல் விழா நடைபெறும். வாய்ப்புள்ள நேயர்கள் ஒருமுறையேனும் சென்று, தளபதியாக இருந்த அத்தொண்டரை வணங்கி வாருங்கள்.